சொன்னதும், சொன்னதாகச் சொன்னதும்

அன்றைக்குக் கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள்: ஊர்த் தலைவர்; அவருக்கு இரண்டு பக்கமும் வழக்கமாக உட்காரும் பெரியவர்கள்; வலை இழுக்கிற தனபால்; தலைக்கட்டுக்காரர்கள், அதாவது கல்யாணமாகி ஊருக்கு வரி கொடுக்கிற ஆண்கள், மண்டபம் நிறைய; நான். படிக்குக் கீழே வெயிலில் தனபாலின் அக்கா குப்பம்மா, அவளுக்குப் பின்னால் என் மனைவி செல்வி. எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் மேலே ஏறி உட்காரும் வழக்கம் இல்லை. அந்த வழக்கத்துக்கு விலக்காக, தூணோரம் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியில், எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த மேடம். இன்னும் சிலர் வந்தார்கள், போனார்கள். அவர்களையும் இருந்ததாக எழுதினால் பொய்யாகிவிடும்.

இப்படி ஆளை எண்ணி எழுதும் புத்தி எனக்குப் பிறவியில் கிடையாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் புத்தியெல்லாம் பயப்படுவதிலேயே செலவாகிவிடும். கதவைப் பூட்டினோமா, மோட்டாரை நிறுத்தினோமா, முகத்துவாரம் மண்ணடித்து மூடிக்கொள்ளுமோ, என் பெரிய பையனுக்கு இருமல் நின்றதா என்று ஒன்று முடிந்தால் அடுத்தது வரிசையில் நிற்கும். யார் யார் இருந்தார்கள் என்று கேட்கிற வியாதி மேடத்திடமிருந்து ஒட்டிக்கொண்டது.

எதைச் சொல்லப் போனாலும் அவர் முதலில் கேட்பது இதுதான்: "யார் யார் இருந்தாங்க?" அடுத்தது: "அவர் வாயால அப்படியே சொன்னாரா, இல்ல இது நீங்க சொல்றதா?" இந்த இரண்டு கேள்வியோடு ஒரு மனுஷியை மாடியில் வைத்துக்கொண்டு இரண்டு மழைக்காலம் தள்ளியிருக்கிறேன். தள்ளிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

பழவேற்காட்டுப் பக்கம் புத்தகமும் கண்ணாடியுமாக வருகிறவர்கள் இரண்டே வகை. பறவை பார்க்க வருகிறவர்கள், டச்சுக்காரர் கல்லறை பார்க்க வருகிறவர்கள். இவர் இரண்டிலும் சேர்த்தி இல்லை. மாடி ஜன்னலைத் திறந்தால் ஏரியும் பூநாரையும்தான். அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மேஜையைப் போட்டுக்கொண்டார். சென்னையில் ஏதோ கல்லூரியில் தத்துவம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அறுபத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. காட்டன் புடவையில் எப்போதும் பென்சில் தூள். எதற்காக எங்கள் குப்பத்துக்கு வந்தார் என்று கேட்டால், "ஏன்னு சொல்லணும்னா, அப்புறமா யோசிச்சுச் சொல்ற காரணமாத்தான் இருக்கும், தம்பி" என்பார். இதை ஒரு பதில் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வந்த வாரமே ஆரம்பித்தது. கேஸ் தீரப் போகிறது என்று எனக்குக் கவலை. சிலிண்டர்காரனுக்குப் போன் போட்டுவிட்டு மேலே போய், "நாளைக்கு வரேன்னு சொல்லிட்டான் மேடம்" என்றேன்.

"நாளைக்குன்னு சொன்னாரா, வரேன்னு மட்டும் சொன்னாரா?"

யோசித்தேன். அவன் சொன்னது "வரேன் போ" மட்டும்தான். நாளைக்கு என்பது என் ஆசை. இரண்டு நாள் கழித்துத்தான் வந்தான். அதுவரை செல்வி விறகில் சமைத்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அந்தம்மா கேக்கறதுக்கு முன்னாடி நீயே கேட்டிருந்தா இன்னாவாம்?" என்று என்னைத்தான் திட்டினாள்.

செல்வியின் கதை அதைவிட மோசம். எளாவூரில் இருக்கிற அவள் அண்ணிக்கும் அவளுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. 'மீன் நாத்தம் வீட்டுக்குள்ள வருது' என்று அண்ணி இவளைப் பற்றிச் சொன்னாளாம். ஒரு நாள் நண்டு கழுவிக்கொண்டே மேடத்திடம் இதைச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். மேடம் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். யார் வந்து சொன்னது? செல்வியின் சித்தி. சித்தி அங்கே இருந்தாளா? இல்லை, சித்தி மருமகள் இருந்தாள். மருமகள் என்ன சொன்னாள்? அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டாள் என்று மட்டும். அன்றைக்கு அண்ணிக்குச் சளியா என்று மேடம் கேட்டார். செல்வி போன் போட்டுக் கேட்டாள். அண்ணி அழுதாள். இவளும் அழுதாள். சண்டை முடிந்தது.

நல்லதுதானே என்று நினைப்பீர்கள். ஒரு மாதம் கழித்துச் செல்வி என்னிடம் சொன்னாள்: "கோவப்படறதுக்குன்னு ஒருத்தி இருந்தா. அவளையும் புடுங்கிக்கினாங்க. இப்ப அவ வாராவாரம் வந்து நிக்கறா."

அவர் என்னதான் எழுதுகிறார் என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஏதாவது போலீஸ் கேஸ் கீஸ் என்று வீட்டுக்கு வந்துவிடுமோ என்ற பயமும். ஒரு நாள் டீ கொண்டுபோன சாக்கில் பார்த்தேன். ஒரு பெரிய காகிதம். முழுக்கக் கறுப்புப் பென்சிலில் புரியாத எழுத்து. நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பு.

"இது என்ன பாஷை மேடம்?"

"கிரேக்கம். ரொம்பப் பழசு. உலகம் எதுல இருந்து வந்துச்சு, எப்படி நடக்குதுன்னு அங்க கடலோர ஊர்ல சில பேர் முதல்முதலா யோசிச்சாங்க. எழுதவும் செஞ்சாங்க. அந்தப் புத்தகம் ஒண்ணுகூட இப்ப இல்ல."

"இல்லாத புத்தகத்தையா படிக்கறீங்க?"

சிரித்தார். நூறு வருஷம், ஐந்நூறு வருஷம், ஆயிரம் வருஷம் கழித்து வந்தவர்கள் தங்கள் புத்தகத்தில் 'அவர் இப்படிச் சொன்னார்' என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். அது மட்டும்தான் மிச்சமாம். அதில் எவ்வளவு அவர்கள் வாய் வார்த்தை, எவ்வளவு எழுதினவர் கைச்சரக்கு என்று பிரிப்பதுதான் வேலையாம். வாய் வார்த்தை சிவப்பு, மற்றது கறுப்பு. இந்தக் காகிதத்துக்காரரிடமிருந்து மிஞ்சினது இந்த ஒற்றை வரிதானாம்.

"இந்த வரியிலயும் சிவப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு சண்டை" என்றார். "ஒருத்தர் இங்கேன்னு சொல்றார். இன்னொருத்தர் நாலு வார்த்தை தள்ளின்னு எழுதறார். மூணாவது ஒருத்தர், இதெல்லாம் கிடையாது, நடுவுல இருக்கிற கொஞ்சம்தான் அவரோடதுங்கறார். நூறு வருஷத்துக்கு மேல இந்தச் சண்டை நடக்குது."

"நீங்க?"

"நானும் அதுக்குத்தான் வந்திருக்கேன்."

ஒரு வாரம் முழுக்க அந்தச் சிவப்பு வரியை அழித்தார், போட்டார், அழித்தார். கடைசியில் ஒரு வார்த்தை அளவு தள்ளிப் போட்டார். அன்றைக்குக் கீழே வந்து, "செல்வி, பாயசம் வைக்க முடியுமா?" என்று கேட்டார். ஒரு வார்த்தை. அதற்குப் பாயசம். ஒரு படகு இறாலோடு வந்தால்கூட எங்கள் வீட்டில் பாயசம் வைத்ததில்லை.

அந்தக் கிரேக்கக்காரர்களில் முதல் ஆள் எல்லாம் தண்ணீர்தான் என்று சொன்னவராம். இது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறவனுக்குப் பிடிக்காமல் என்ன? டீக்கடையில் போய்ச் சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம். 'வெளிநாட்டுக்காரனே சொல்லிட்டான்யா' என்று பேச்சாகிவிட்டது. திரும்பி வந்து இதை அவரிடம் சொன்னால் முகம் வாடிவிட்டது.

"அவர் அப்படிச் சொன்னார்னு இன்னொருத்தர் சொல்றார், தம்பி. அந்த இன்னொருத்தரும் நேரா கேட்டவர் இல்ல. பல தலைமுறை பின்னாடி வந்தவர். 'எல்லாம்'ங்கற வார்த்தை முதல் ஆளோடதா, பின்னாடி வந்தவரோடதான்னே தெரியாது. பின்னாடி வந்தவர்கிட்ட ஒரு கேள்வி இருந்துச்சு. அந்தக் கேள்விக்குப் பதிலா இவரை உக்கார வெச்சுட்டார்."

"அப்ப டீக்கடையில நான் இன்னான்னு சொல்றது?"

"சொன்னதா சொல்றாங்கன்னு சொல்லுங்க."

டீக்கடையில் போய் அதையும் சொன்னேன். அன்றையிலிருந்து அவருக்கு 'யார் சொன்னம்மா' என்று பேர். சின்னப் பிள்ளைகள் மாடியைப் பார்த்துக் கத்திவிட்டு ஓடும். அவருக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது என்று செல்வி சொல்வாள். அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

எப்போதும் அவர் பக்கம் நியாயம் இருந்ததாக நினைக்க வேண்டாம். அவர் வந்த முதல் ஐப்பசியில் ஒரு மத்தியானம், காற்று ஏறப் போகிறதாம் என்று ஓடி வந்தேன். வலை அப்போது தண்ணீரில் இருந்தது.

"யார் சொன்னது?"

"டீக்கடையில."

"டீக்கடை பேசாது, தம்பி."

எனக்கு என்ன வந்ததோ, ஓடிப்போய் வலையை எடுக்காமல் டீக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ஷேர் ஆட்டோக்காரனைக் கைகாட்டினார். அவன் வண்டியில் வந்த ஒருவரைச் சொன்னான். அவர் பொன்னேரியில் இறங்கிவிட்டார். நான் ஆளைத் தேடி முடிப்பதற்குள் காற்றே நேரில் வந்துவிட்டது. வலையில் பாதி கிழிந்தது. மேடம் கீழே இறங்கி வந்து கிழிசலைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ உண்மைதான்" என்றார். "ஆனா யார் சொன்னாங்கன்னு இன்னும் தெரியல."

அந்த நிமிஷம் அவரைத் தூக்கி ஏரியில் போட்டிருப்பேன். செல்விதான் என் கையைப் பிடித்தாள். அடுத்த நாலைந்து நாள், எழுதுவதை விட்டுவிட்டு, செல்வியோடு உட்கார்ந்து மிதவைக் கயிற்றைச் சிக்கெடுத்தார். எடுத்ததைவிடப் போட்ட சிக்கு அதிகம். அவரை எழுந்து போகச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

இனி பாட்டுக்கு வருகிறேன். பாட்டு என்றால் பாடுகிற பாட்டு இல்லை. எங்கள் ஏரியில் நல்ல இடம் கொஞ்சம்தான். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற வழியில். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் எவனுக்கும் இறால் இல்லை. அதனால் முறை. இன்றைக்கு நீ, நாளைக்கு நான். யாருக்கு எந்த முறை என்று ஊர் கூடிச் சீட்டுப் போடுவோம். சீட்டில் பேர் இருக்கிறவனுக்கு முறை உண்டு. பேர் இல்லாதவன், படகு இருந்தாலும் வலை இருந்தாலும் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். அல்லது அடுத்தவன் வலைக்குக் கூலியாகப் போக வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குப் பேர் பாடு.

இதை மேடத்துக்கு ஒரு நாள் விளக்கினேன். கேட்டுக்கொண்டே வந்தவர் பென்சிலைக் கீழே வைத்தார். அதுவரை அவர் பென்சிலைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. மூன்று நாள் துளைத்து எடுத்துவிட்டார். சீட்டு யார் எடுப்பது, முறை தவறினால் என்ன, ஒருவன் அடுத்தவன் நாளில் வலை கட்டிவிட்டால் எப்படி ஈடு கட்டுவது. பிறகு அந்தச் சிவப்பு வரியைக் காட்டினார். வெயிலும் குளிரும், ஈரமும் வறட்சியும், ஒன்று மற்றதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, நேரம் வந்ததும் விட்டுக்கொடுத்து ஈடு கட்டுகிறது என்கிற மாதிரியாம் அதில்.

"அட, இது நம்ம பாடுதானே மேடம்."

"எனக்கும் அப்படித்தான் இருக்கணும்னு ஆசை. இதுல இருக்கிறது எல்லாம் கோர்ட்டு வார்த்தை, சந்தை வார்த்தை. அவங்ககிட்ட தத்துவத்துக்குன்னு தனி வார்த்தை கிடையாது. இருக்கிற வார்த்தையை எடுத்து வானத்தைப் பத்திப் பேசினாங்க. நாம பெரிய பெரிய வார்த்தை போட்டு மொழிபெயர்த்துட்டு, பெரிசா சொன்னாங்கன்னு சொல்லிக்கறோம்."

"அப்ப பாடுன்னே எழுதிடுங்களேன்."

"ஆசையா இருக்குல்ல? ஆசையா இருக்கிறதைத்தான் ரெண்டு தடவை பார்க்கணும்" என்று காகிதத்தை மூடிவிட்டார். கடைசிவரை அதை எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தச் சமயத்தில் என் பேர் சீட்டில் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மேடம் வந்த முதல் மழை முடிந்து ஏரியில் ஒன்றும் கிடைக்காமல் போன சமயம், காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு காண்ட்ராக்டரிடம் மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போனேன். பிள்ளைகள் இரண்டு பேர், பயம் வேறு. வேலை முடிந்தது, ஆளை அனுப்பினார்கள், திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் பேரை எடுத்துவிட்டார்கள். தலைவரிடம் போய் நின்றேன்.

"நான் இன்னா பண்ணட்டும்? எங்க நைனா சொல்லிட்டுப் போயிருக்காரு. வெளி வேலைக்குப் போனவனுக்குப் பாட்டுல பேர் கிடையாது, அவன் வாரிசுக்கும் கிடையாது. நைனா வார்த்தையை நான் மாத்த முடியுமா?"

தலைவரின் நைனாதான், அதாவது அப்பாதான், அவருக்கு முன்னால் தலைவர். செத்துப் பல வருஷம். அவர் வார்த்தை என்றால் ஊரில் மறுபேச்சு இல்லை. அவர் போன பிறகு இந்த வார்த்தையில் முதலில் விழுந்தது தலைவரின் கூடப்பிறந்த தம்பி ஏழுமலைதான். அவனும் வெளியே போய் வந்து கேட்டான். அவனுக்கும் இதே பதில். 'எனக்கும் அவர்தானே நைனா' என்று ஏழுமலை சொன்னதாகச் சொல்வார்கள். குடும்பத்தோடு அனுப்பம்பட்டுக்குப் போய் அரிசி மில்லில் சேர்ந்தான். அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. தம்பிக்கே இல்லை என்றால் எனக்கு எங்கே?

எனக்குத் தூக்கம் போயிற்று. என் பிள்ளைகள் பேரும் இல்லாமல் போய்விடும் என்பது நெஞ்சில் கல் மாதிரி. அப்போதுதான் தனபால் ஒன்று சொன்னார். தலைவரின் நைனா அந்த வார்த்தையைச் சொன்னபோது தனபாலும் பக்கத்தில் நின்றாராம். அப்போது வெளியே போய் வந்த ஒருவனைக் காட்டி, 'இந்த வருஷம் இவன் பேர் வேணாம்' என்றுதான் சொன்னாராம். வாரிசு கீரிசு எல்லாம் இல்லையாம். ஓடிப்போய்க் குப்பம்மாவைக் கேட்டேன். "ஆமாடா, இந்த வருஷம்னுதான் சொன்னாரு. எனக்குத் தெரியாதா?" என்றாள். இரண்டு சாட்சி. எதிரில் ஒன்று. எனக்கு உயிர் வந்தது.

மேடத்திடம் போய், "கூட்டத்துல நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்றேன்.

"நான் அங்க இல்லையே, தம்பி. நான் எப்படிச் சொல்றது?"

"சொல்லவே வேணாம். படிச்சவங்க ஒருத்தர் சும்மா வந்து உக்காந்தா போதும்."

"சும்மா உக்காரலாம்" என்றார். அவர் வாயால், அப்படியே. செல்வி சாட்சி.

தலைவர் மறுக்கவில்லை. நாற்காலி போடச் சொன்னார்.

கூட்டத்தில் தலைவர் நைனா வார்த்தையைச் சொன்னார். நான் எழுந்து, தனபால் அண்ணனும் குப்பம்மா அக்காவும் வேறு மாதிரி சொல்கிறார்கள் என்றேன். தனபால் எழுந்து சொன்னார். படிக்குக் கீழேயிருந்து குப்பம்மா குரல் கொடுத்தாள். மண்டபத்தில் சலசலப்பு. பின்னாலிருந்து ஒருவர், "ரெண்டு பேர் சொல்றாங்கல்ல, பேரை எழுதிட்டுப் போங்கப்பா" என்றார். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். முடிந்தது, கிடைத்தது என்று நான் செல்வியைப் பார்த்தேன். அவள் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போது நீல நாற்காலி கிறீச்சிட்டது.

"குப்பம்மா, அன்னிக்கு நீங்க அங்க இருந்தீங்களா?"

"நான் எங்கம்மா இருந்தேன்? பொன்னேரி சந்தைக்குப் போயிருந்தேன்."

"அப்போ உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"இதோ நிக்கறானே, எந் தம்பி. அவன்தான் சொன்னான்."

மேடம் சபையைப் பார்த்தார். ரொம்ப வருத்தமான முகத்தோடு, "அப்போ சாட்சி ரெண்டு இல்லீங்க. ஒண்ணுதான்" என்றார்.

மண்டபம் சிரித்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கீழே செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "படிச்சவங்களே சொல்லிட்டாங்க. அவ்ளோதான்பா" என்றார்.

"ஐயா, நீங்க இருந்தீங்களா?" என்றார் மேடம்.

"இன்னாம்மா கேக்கறீங்க? படகுமேல கை வெச்சிக்கினு நின்னேன். நைனா எதிர்ல."

"நைனா சொன்னதை அப்படியே சொல்லுங்களேன்."

"அதான் சொன்னேனே. வெளி வேலைக்குப் போனவனுக்குப் பேர் கிடையாது. அவன் வாரிசுக்கும் கிடையாது."

"வாரிசுன்னு அவரே சொன்னாரா?"

"அர்த்தம் அதாம்மா."

"அர்த்தம் நீங்க சொல்றது. அவர் வார்த்தை?"

தலைவர் என்னைப் பார்க்கவில்லை, மேடத்தையும் பார்க்கவில்லை. மண்டபத்துத் தரையில் எதையோ தேடுகிற மாதிரி பார்த்தார். அவர் அப்படித் தேடி நான் பார்த்ததே இல்லை.

"வார்த்தை ஞாபகம் இல்ல" என்றார். "கோவமா சொன்னாரு. அது ஞாபகம் கீது. கை ஆடிச்சு. வார்த்தை ஞாபகம் இல்ல."

யாருக்கும் என் நினைப்பு இல்லை என்று அப்போது புரிந்தது. அங்கே இருந்தவர்கள் எல்லாருக்கும் ஏழுமலை ஞாபகம்தான்.

பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்து, "அப்ப நைனா ஒண்ணும் சொல்லலன்றீங்களாம்மா?" என்றார்.

"என்ன சொன்னார்னு தெரியாதுன்னு சொல்றேன்."

"தெரியலன்னா இப்ப இன்னா பண்றது?"

"அது எனக்குத் தெரியாதுங்க. அது என் வேலை இல்ல" என்று உட்கார்ந்துவிட்டார்.

பாருங்கள். என் சாட்சியை உடைத்தாயிற்று, தலைவர் சாட்சியை உடைத்தாயிற்று, நடுவில் என்னை நிறுத்திவிட்டு, என் வேலை இல்லை என்று புடவையைச் சரி பண்ணிக்கொள்கிறார்.

தலைவர் எழுந்து நின்று பேசினார். தலைவர் எழுந்து நின்று பேசும் பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது.

"நைனாவை விடுங்க. நான் சொல்றேன். வெளியே போனவன் திரும்பி வந்து ஒரு வருஷம் ஊர்ல இருக்கட்டும். இருந்தா அடுத்த சீட்டுல பேர் போடுங்க. எவனா இருந்தாலும். இதை நான் சொன்னேன்னு சொல்லுங்க. வேற யார் தலைமேலயும் போடாதீங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வி பாத்திரத்தை எல்லாம் சத்தமாக வைத்தாள். நான் மாடிப்படியில் ஏறிப் போய் நின்றேன். கேட்கக் கூடாது என்று நினைத்தேன், கேட்டுவிட்டேன்.

"சும்மா உக்காரலாம்னு சொன்னீங்களே மேடம். ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தா இந்த வருஷமே பேர் வந்திருக்கும். ஒரு வருஷம் நான் கூலிக்குப் போவணும். புள்ளைங்க கீது."

அவர் மேஜைக்குப் பின்னால் சின்னதாகத் தெரிந்தார். "சும்மா இருக்கணும்னுதான் வந்தேன், தம்பி. நாற்காலியை ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டேன். எனக்கு வரல."

இறங்கி வந்தேன். ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் பெரியவன் கையில் மேலே போகும். செல்வி அதிலும் அவருக்குப் பிடிக்காத சுரைக்காயாகப் பார்த்து அனுப்பினாள். ஒரு நாள் காலி டம்ளரோடு அவரே கீழே வந்து, "சுரைக்காய் பரவாயில்ல, செல்வி, இப்ப பழகிடுச்சு" என்றார். செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் எங்கே கோபப்படுவது?

மழை முடிவதற்குள் அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. சிவப்பும் கறுப்பும் ஒன்றாகத் தெரிகிறது என்றார். அண்ணன் மகன் காரோடு வந்து சென்னைக்குக் கூட்டிப் போனான். காகிதத்தை எல்லாம் அவரே கட்டினார், எங்களைத் தொட விடவில்லை. புத்தகம் வந்ததா என்று தெரியாது. கொஞ்ச நாள் போன் செய்தோம். பிறகு அந்த நம்பர் இல்லை என்று வந்தது. அவருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று இன்றைக்கும் எனக்கு அடித்துக்கொள்ளும். செல்வி மட்டும், "யாராச்சும் வந்து சொன்னாங்களா? இல்லல்ல? அப்ப நல்லாதான் இருப்பாங்க" என்கிறாள்.

அந்த வருஷம் முழுக்கத் தனபால் வலைக்குக் கூலியாகப் போனேன். என் சொந்தப் படகு கரையில் கிடந்தது. ஒவ்வொரு முறையும் முகத்துவாரத்தில் அடுத்தவன் வலையை இழுக்கும்போது அந்த நீல நாற்காலி கிறீச்சிட்ட சத்தம் காதில் கேட்கும். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

நடுவில், சித்திரை முடிந்து ஒரு நாள், ஏழுமலை சாமான்களோடு ஒரு மினி லாரியில் வந்து இறங்கினான். யார் போய்க் கூப்பிட்டார்கள் என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. பழைய வீட்டுக்கு ஓலை மாற்றிக்கொண்டு குடியேறினான். தலைவர் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். இரண்டு பேரும் அந்தச் சந்தில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் ஒதுங்குவார்கள்.

அடுத்த சீட்டில் என் பேர் வந்தது. அதற்கடுத்த சீட்டில், அவனுக்கும் ஒரு வருஷம் ஆகிவிட்டதால், ஏழுமலை பேரும் வந்தது. ஒரு முறையில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இறங்குவதும் உண்டு. தலைவரும் அவனும் ஒரே முறை. சீட்டில் அப்படி விழுந்தது என்றுதான் சொன்னார்கள். அதற்கடுத்த முறை எனக்கு. என் முறைக்கு முதல் நாள் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் விடிந்ததும் முகத்துவாரத்துக்குப் போய் மணல் திட்டில் நின்றேன். அண்ணனும் தம்பியும் மார்பளவு தண்ணீரில் கழி ஊன்றி வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு ஆள் யாரும் இல்லை.

அன்றைக்கு அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஊரில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். அண்ணன் மன்னிப்புக் கேட்டார் என்கிறான் ஒருவன். தம்பி தண்ணீரிலேயே அண்ணன் காலைத் தொட்டான் என்கிறான் ஒருவன். இரண்டு பேரும் நைனா பேரைச் சொல்லி அழுதார்கள் என்று குப்பம்மா சந்தையில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீதான் பக்கத்தில் நின்றாயே, சொல்லு என்று என்னைக் கேட்கிறார்கள்.

நான் பக்கத்தில் இல்லை. காற்று தெற்கிலிருந்து அடித்தது, அலை வேறு. எனக்குக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். "அந்தக் கயித்தைப் பிடி." அண்ணன் சொன்னதா, தம்பி சொன்னதா என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே குரல்.